மருமகளுக்கு ஒரு சைக்கிள்

கொப்பன்ஹேகன்
2024 ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

உம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி? மச்சியும் பிள்ளைகளும் சுகமா? இங்கே மகன் வீட்டில் எல்லோரும் நல்ல சுகம். பெருநாளும் நல்லபடி முடிந்தது. இந்த மாதத்தில் இங்கே சூரியன் மறைய இரவு பத்து மணியாகிறது. மஃரிப் தொழுதுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் நடுச்சாமம் நெருங்கிவிடும். பகல் இவ்வளவு நீளமாக இருப்பதால் மகன் வேலை முடிந்து வந்த பிறகும் ஊர் பார்க்கப் போகிறோம். போவது சைக்கிளில்தான்.

நானும் ஓடுகிறேன். புத்தளத்தில் படிப்பித்த காலத்துப் பழக்கம் கால்களில் அப்படியே இருக்கிறது. ஊர் முழுக்கத் தரவை போலச் சமதரை. காற்றுத்தான் சில நேரம் நம் சோளகத்தைப் போல முகத்தில் அடித்துத் தள்ளும். ஆனால் பயமில்லை. வீதி ஓரத்தில் நடைபாதை, அதற்கு ஒரு படி கீழே சைக்கிள் பாதை, இன்னும் ஒரு படி கீழேதான் கார்கள். அந்தச் சின்னக் கல் விளிம்பைத் தாண்டி எந்த வாகனமும் நம் பக்கம் வருவதில்லை. இப்படியான பாதை இந்த நகரத்துக்குள் மட்டும் 380 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. திரும்புவதென்றால் கையை நீட்ட வேண்டும், நிற்பதென்றால் கையை உயர்த்த வேண்டும். நோரேப்ரோ வீதியில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போனால், வேலைக்குப் போகும் நேரத்தில் பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து வழிவிடும். சைக்கிள்காரரின் வேகத்துக்கு ஏற்றபடிதான் அந்த விளக்குகளை அமைத்திருக்கிறார்கள். உள்ளூர் ரயிலில் சைக்கிளை ஏற்றவும் காசில்லை.

பார்க்க வேண்டியவற்றையும் பார்த்தேன். கடலோரத்துப் பாறையில் இருக்கும் கடற்கன்னி சிலையைப் படங்களில் பார்த்துப் பெரிதென்று நினைத்திருந்தேன், உயரம் ஒன்றேகால் மீற்றர்தான். நான் நெடுநேரம் நின்றது வட்டக் கோபுரத்தில். நான்காம் கிறிஸ்டியான் என்ற அரசன் கட்டி 1642இல் முடித்தது. ஏறுவதற்குப் படிகள் இல்லை, கோபுரத்துக்குள் சுற்றிச் சுற்றி 200 மீற்றருக்கு மேல் சாய்வுப் பாதைதான். கடைசியில் மட்டும் கொஞ்சம் படி. 1716இல் ரஷ்யச் சக்கரவர்த்தி பீற்றர் அதில் குதிரையிலேயே ஏறினாராம். 1888இல் சைக்கிள் ஓட்டப் போட்டியும் நடந்திருக்கிறது.

அந்த அரசனுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு தம்பி. அவன் அனுப்பிய கப்பல்கள் 1620இல் முதலில் வந்தது இலங்கைக்கு. கண்டி அரசனோடு பேசிப் பார்த்து, திருகோணமலையில் காலூன்ற முயன்றும் அது சரிவரவில்லை. டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியது தரங்கம்பாடியில்தான். அந்தக் கரையை அப்போது ஆண்ட தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர் அந்த அரசனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் இந்த நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஆனால் இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்தது கோபுரத்தையும் சிலையையும் பற்றிச் சொல்ல அல்ல.

ஒரு நாள் காலை லூயிசா ராணிப் பாலத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நாட்களில் அதைக் கடக்கும் சைக்கிள்கள் 40,000 வரை வருமாம். கோட் போட்ட உத்தியோகத்தர், முன்பக்கப் பெட்டியில் இரண்டு பிள்ளைகளை இருத்தி வரும் தாய், எழுபது தாண்டிய மூதாட்டி, முக்காடு போட்டுப் புத்தகப் பையோடு போகும் நம் மகள் வயதுப் பிள்ளைகள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு உன் மூத்த மகளின் நினைவுதான் வந்தது.

பணக்கார நாடு, அதனால் முடிகிறது என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1960களில் இங்கேயும் கார்கள் பெருகி, சைக்கிள்கள் ஒதுக்கப்பட்டுத்தான் இருந்தன. 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது என்று அரசு தடை போட்டது. வெறுமையான வீதிகளில் மக்கள் மீண்டும் சைக்கிளில் இறங்கினார்கள். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அவர்கள் விடவில்லை. எங்களுக்கும் பாதை வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். இன்று நான் ஓடும் பாதைகள் அப்படிக் கேட்டு வாங்கியவை.

நமக்கு அந்தத் தட்டுப்பாடு ஒரு முறையா வந்தது? யுத்தகாலத் தடையில் வடக்கு முழுவதையும் சுமந்தது சைக்கிள். யாழ்ப்பாணத்தில் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது நாடே சைக்கிளைத் தேடியது. எண்ணெய் வந்ததும் மறந்துவிட்டோம். நம் வீட்டையே நினைத்துப் பார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் நாமும் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவின் சைக்கிள் வீட்டுச் சுவரில் சாய்ந்தபடியே நின்றது. புத்தளத்தில் அவர் கடன் பட்டு முதலில் வாங்கியது இன்னொரு சைக்கிள். அந்தக் கரியரில் இருந்துதான் நீ பள்ளிக்கூடம் போனாய். நான் படிப்பிக்கப் போனதும் அதே சைக்கிளில்தான். வாப்பா ஒரு நாளும் தடுக்கவில்லை.

மூத்தவள் அடுத்த வருடம் கொண்டச்சியிலிருந்து சிலாவத்துறைக்குப் படிக்கப் போக வேண்டும். பெரிய பிள்ளை, சைக்கிள் சரிவராது, மோட்டார் சைக்கிளில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று போனில் சொன்னாய். உன் பாசம் எனக்கு விளங்குகிறது. ஆனால் உன் வேலை பிந்தும் நாளெல்லாம் அவளுடைய படிப்பும் பிந்தும். மாலை வகுப்பு இருந்தால் உன்னைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பாள்.

வெள்ளைக்கார ஊரை உதாரணம் காட்டுகிறாள் ராத்தா என்று நினைக்காதே. தமிழ்நாட்டில் புதுக்கோட்டையைப் பார். 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் பழகினார்கள். நம் முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளிக்கு விட, ஆண்களின் ஓய்வு நேரத்துக்காகக் காத்திருந்த நிலை அதோடு மாறியது. ஊர்வாய் முதலில் பேசியதுதான். பெண்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள், பேச்சு நின்றது.

ஆகவே அவளுக்கு ஒரு லுமாலா சைக்கிள் வாங்கிக் கொடு. காசு நான் அனுப்புகிறேன். உயரத்துக்குச் சரியான சீற், நல்ல பிரேக், முன்னும் பின்னும் விளக்கு, இவற்றில் மிச்சம் பிடிக்காதே. தனியாகப் போகப் பயமென்றால் அயலில் இருக்கும் பிள்ளைகளையும் சேர்த்துவிடு, கூட்டமாகப் போகட்டும். பிரதேச சபையில் உனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் வீதியோரத்துப் பற்றையை வெட்டி, மணலை அள்ளி, சைக்கிளுக்கு ஒரு ஓரம் ஒதுக்கித் தரும்படி பெற்றோர்கள் சேர்ந்து கையெழுத்து வைத்துக் கேளுங்கள். இங்கே உள்ளவர்களும் கேட்டுத்தான் பெற்றார்கள்.

ஓகஸ்டில் நான் வருவேன், இன்ஷா அல்லாஹ். அதற்குள் அவள் பழகியிருந்தால், சிலாவத்துறையிலிருந்து கடலோரமாக அரிப்புக்கு அவளும் நானும் சைக்கிளில் போவோம். வேனில் வருகிறவர்கள் அல்லிராணிக் கோட்டையைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பெயர்தான் கோட்டை. 1804இல் பிரித்தானிய ஆளுநர் நோர்த் கட்டி முடித்த அந்த மாளிகையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகிறது. அது நிற்கும்போதே, முத்துக் குளித்த கரையின் கதையை வழியெல்லாம் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

உன் முடிவைக் கெதியில் எழுது. முடிவெடுக்க முன் அவளையும் ஒரு சொல் கேள்.

அன்புடன்,
உன் ராத்தா