ஓடிடியில வரட்டும், பாத்துக்கலாம்

வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டில் புதுப் படங்களுக்குப் பாகப்பிரிவினை நடக்கும். ரஜினி, விஜய், அஜித் என்றால் பேச்சே இல்லை, தியேட்டர்தான். சண்டை, குண்டுவெடிப்பு, காடு, கடல் என்று எதையாவது டிரெய்லரில் காட்டிவிட்டால் அதுவும் தியேட்டர். நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற படம், கிராமத்துக் கதை, பேர் தெரியாத டைரக்டர் என்றால், “ஓடிடியில வரட்டும், பாத்துக்கலாம்” என்று என் மனைவி சொல்லிவிடுவாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

எங்கள் வீடு என்றில்லை, ஊரெல்லாம் இதே கணக்குத்தான். மதுரைக்காரர்கள் சினிமாவுக்குச் சோம்பல்படுகிறவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்து, ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கிய தங்கம் தியேட்டர் இருந்த ஊர் இது. இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. அந்த ஊரிலேயே இப்போது கால்வாசிப் படங்களைத் தியேட்டரில் பார்ப்பது, மீதியைச் சோபாவில் பார்ப்பது என்று ஆகிவிட்டது. அதில் எனக்குக் குறையில்லை. எதை எங்கே பார்ப்பது என்பதைத்தான் தலைகீழாகப் பிரித்து வைத்திருக்கிறோம் என்பது என் கட்சி. சத்தமான படம் எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும். சத்தமில்லாத படத்துக்குத்தான் தியேட்டர் வேண்டும்.

2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு படங்கள் வந்தன. மாரி செல்வராஜின் ‘வாழை’, பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. வினோத்ராஜின் முதல் படம் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. ‘கொட்டுக்காளி’ பெர்லின் விழாவுக்குப் போய்விட்டு ஊர் திரும்பியது. விழாப் படம் என்ற முத்திரை இருந்தால் எங்கள் வீட்டில் தியேட்டருக்கு ஓட்டு விழாது. ஆகவே தனியாகப் போனேன்.

கதை இரண்டு வரிதான். மீனா என்ற பெண் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, முறைமாமன் பாண்டியும் குடும்பமும் அவளை ஆட்டோவில் ஏற்றி ஒரு சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். பின்னால் பைக்குகள். காலைக் கட்டிய சேவல் ஒன்று கூடவே வருகிறது. பாண்டியாக நடித்த சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கத்த நினைக்கிறவனுக்குக் குரல் வருவதில்லை. மீனாவாக அன்னா பென் கிட்டத்தட்டப் படம் முழுக்க வாயே திறப்பதில்லை. பின்னணி இசை துளியும் கிடையாது.

வழியில் ஒரு காளை ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறது. மீசை முறுக்கிய அத்தனை ஆம்பிளைகளும் வண்டியை நிறுத்திவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். ஒருத்தருக்கும் கிட்டப் போகத் தைரியமில்லை. நிற்கிறார்கள், பார்க்கிறார்கள், நாமும் பார்க்கிறோம். தியேட்டரில் எனக்குப் பின்வரிசையில் ஒருவர் முதலில், “என்னடா, பாட்டே போட மாட்டாய்ங்களா” என்றார். ரெண்டு பேர் சிரித்தார்கள். காளை நகரவில்லை. அப்புறம் அந்தச் சிரிப்பும் அடங்கிப்போய், ஆட்டோ என்ஜின் படபடக்கிற சத்தம் மட்டும் அந்தப் பெரிய இருட்டில் கேட்டது. கடைசியில் ஒரு சின்னப் பெண் வந்து, வீட்டு நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோலக் காளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பாட்டுக் கேட்ட அதே மனுஷர், “ஆத்தாடி” என்றார். இசையமைப்பாளர் யாராவது அந்த இடத்தில் வயலினைத் தூக்கியிருந்தால் அந்த ‘ஆத்தாடி’ வந்திருக்காது.

படம் ஓடிடிக்கு வந்தபோது வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்தேன். அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். காளை வந்தது. அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் கொடுத்தது. வாசலில் யாரோ ஹாரன் அடித்தார்கள். பையன் கையில் ரிமோட். பத்து விநாடி முன்னே தள்ளுகிற பொத்தானை அமுக்கினான். இன்னும் பத்து, இன்னும் பத்து. “மாடு போயிருச்சா?” என்று கேட்டுக்கொண்டே சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். போயிருந்தது. அந்தச் சின்னப் பெண்ணை யாருமே பார்க்கவில்லை.

பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பொத்தானைக் கையில் கொடுத்துவிட்டு அமுக்காதே என்றால் எப்படி? அந்தக் காட்சியில் நடப்பது காத்திருப்பதுதான். அதைத் தள்ளிவிட்டால் காட்சியே போச்சு. சண்டைப் படத்தில் பத்து விநாடியைத் தள்ளினால் இரண்டு அடியாட்கள்தான் குறைவார்கள்.

அத்தை மட்டும் எழுந்திருக்காமல் பார்த்தார். முடிந்ததும், “இதுல என்னப்பா கதை இருக்கு, நம்ம ஊரு ரோட்டுலதான் போறாய்ங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அந்தப் பிள்ளை கடைசிவரைக்கும் அழுகலை பாத்தியா” என்றார். நான் படித்த விமர்சனங்களில் ஒன்றுகூட இதைவிடப் படத்துக்குக் கிட்டத்தில் போகவில்லை.

இந்தப் படத்தைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது, நேராக ஓடிடிக்குக் கொடுத்திருக்கலாம் என்று திரையுலகத்துக்குள்ளிருந்தே அப்போது குரல் கேட்டது. வசூலை வைத்துச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்கு எனக்கு எதற்கு? படத்தை வைத்துச் சொன்னால் அது சுத்தத் தப்பு.

‘வாழை’யை நாங்கள் வீட்டில்தான் பார்த்தோம். வாழைத்தார் சுமக்கிற பையன், பள்ளிக்கூடத்து டீச்சர்மேல் பிரியம், ரஜினி-கமல் சண்டை, கடைசியில் அந்த லாரி விபத்து. எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் இரவுச் சாப்பாடு டிவி முன்னால்தான். ஊரே ஒப்பாரி வைக்கிற நேரத்தில் அந்தப் பையன் பசி தாங்காமல் சோற்றைத் தேடி ஓடுகிறானே, அந்த இடம் வந்தபோது எங்கள் நாலு பேர் மடியிலும் தட்டு இருந்தது. என் மனைவி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். பையன் ரிமோட்டைத் தொடவில்லை. தியேட்டரில் கையில் பாப்கார்னோடு பார்த்திருந்தால் இப்படிச் சுட்டிருக்குமா என்பது சந்தேகம். வீட்டுக்கு ஒரு மார்க் போடத்தான் வேண்டும்.

‘மெய்யழகன்’ சங்கதி வேறு. சி.பிரேம்குமார் ‘96’க்கு அப்புறம் எடுத்தது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, பல வருஷம் கழித்துத் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே ஒருத்தன், “அத்தான் அத்தான்” என்று ஒட்டிக்கொள்கிறான். அவன் யார், பேர் என்ன என்பது அருள்மொழிக்கு ஞாபகமில்லை, கேட்கவும் வெட்கம். கடைசி பஸ் போய்விடுகிறது. ராத்திரி முழுக்கப் பேச்சு. அரவிந்த்சாமி கேட்கிறார், கார்த்தி பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார்.

2024 செப்டம்பர் 27இல் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வெளியான படத்தை, நீளம் நீளம் என்று கிளம்பிய முனகலைக் கேட்டுச் சில நாளிலேயே சுமார் 18 நிமிடம் குறைத்தார்கள். நான் தியேட்டரில் பார்த்தபோதும் இரண்டாம் பாதியில் போன் வெளிச்சங்கள் மின்மினியாய் எழுந்தன. சரியாக நாலே வாரத்தில் அது நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்தது. அப்புறம் பார்த்தால், தியேட்டரில் நெளிந்தவர்களே வீட்டில் இரண்டாம் முறை பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கே என் கட்சிக்கு நானே ஒரு திருத்தம் போட வேண்டும். சின்னப் படம், பெரிய படம் என்ற பிரிவு உதவாது. பேச்சாலே நகர்கிற படம் வீட்டைத் தாங்கும். ‘மெய்யழக’னை நாங்கள் இரண்டு ராத்திரியாகப் பார்த்தோம். முதல் நாள் கல்யாண மேடையோடு நிறுத்தினோம். தங்கைக்கு வாங்கி வந்த நகையை அண்ணனே மேடையில் போட்டுவிடுகிற இடம். அதற்கு மேல் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மறுநாள் விட்ட இடத்தில் ஆரம்பித்தால், கார்த்தி பேசிக்கொண்டுதான் இருந்தார். அருள்மொழி விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள் ஒரு குடும்பத்தை எப்படி மேலே தூக்கிவிட்டது என்ற கதையில் மனைவி அழுதாள். எனக்குக் கோவிந்த் வசந்தாவின் இசை அங்கே கொஞ்சம் அதிகமோ என்று பட்டது. சொன்னேன். “உங்களுக்கு எல்லாமே கொஞ்சம் அதிகம்தான்” என்று பதில் வந்தது.

‘லப்பர் பந்து’வை வீட்டில் பார்த்தவர்களைப் பார்த்து எனக்குப் பரிதாபம். நல்ல படம்தான், ஊர் கிரிக்கெட், மாமனார்-மருமகன் முறுக்கு, சாதி எப்படி டீமுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதை அலட்டாமல் சொன்னவர் தமிழரசன் பச்சமுத்து. ‘அட்டகத்தி’ தினேஷ் செய்த கெத்து என்ற பாத்திரம் விஜயகாந்த் பக்தன். அவன் மட்டையோடு இறங்கும்போதெல்லாம் ‘பொன்மனச் செல்வ’னின் இளையராஜா பாட்டு. விஜயகாந்த் இறந்து ஒன்பது மாதம்கூட ஆகியிருக்கவில்லை. தியேட்டரில் அந்தப் பாட்டு வந்ததும் எழுந்த சத்தம் கெத்துக்கு விழுந்த விசில் மட்டுமில்லை. சாவு வீட்டுக்குப் போக முடியாதவர்கள் சேர்ந்து அடித்த விசில் அது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, என் வயசுக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே விசிலடித்தார். இதை ஓடிடியில் எப்படிக் கொடுப்பார்கள்?

‘மகாராஜா’வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்பின்னாகக் கலைத்துப்போட்ட கதையை வீட்டில் நிறுத்தி நிறுத்தி, “இது முன்னாடி நடந்ததா, பின்னாடியா?” என்று அத்தைக்கு விளக்கிச் சொல்ல வசதியாக இருந்தது. விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம், சீனாவில்கூட ஓடியது. அந்தக் கடைசித் திருப்பம் முதல் தடவை வயிற்றைப் பிசைகிறது. இரண்டாம் தடவை, இவ்வளவு பயங்கரத்தை ஒரு திருப்பத்துக்காகவா வைத்தார்கள் என்று கோபம் வருகிறது.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்கு மட்டும் வீடே கிளம்பியது. 2025 மே முதல் தேதி வந்த படம், கோடை விடுமுறை வேறு. இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரத்தில் இறங்கும் குடும்பம் சென்னையில் ஒளிந்து வாழ்கிற கதை. சசிகுமாரும் சிம்ரனும் இரண்டு பிள்ளைகளும். வெளியில் அவர்கள் தங்கள் தமிழைப் பேசிவிடக் கூடாது. பேசினால் ஊர் தெரிந்துவிடும். சிரிக்கச் சிரிக்க எடுத்திருக்கிறார் அபிஷன் ஜீவிந்த். அந்தத் தெருவில் எல்லோரும் இவ்வளவு சீக்கிரம் நல்லவர்களாகிவிடுவதை என்னால் நம்ப முடியவில்லை. அகதி முகாம்களில் எத்தனையோ குடும்பங்கள் 40 வருஷமாக இருக்கிற மாநிலம் இது. அவர்கள் யாருக்கும் அப்படி ஒரு தெரு வாய்க்கவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு இரு என்று சொந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற பெற்றோரின் முகம் பொய் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் படம் எப்படி என்று கேட்டேன். “எங்கட ஆக்கள் இப்படிக் கதைக்க மாட்டினம்” என்று ஆரம்பித்துக் குறையாக அடுக்கினார். ஆனால் இரண்டு தரம் பார்த்திருந்தார்.

இப்படிப் பேசுவதற்குத்தானே படம் பார்ப்பதே. முன்பெல்லாம் விகடனில் மார்க் எத்தனை என்று பார்த்துவிட்டு, அதை மறுத்துச் சண்டை போடவாவது இரண்டு நாள் கிடைக்கும். இப்போது படம் முடிந்து வெளியே வந்து கண் கூசுகிற நேரத்தில் வாய்க்கு நேரே மைக் நீள்கிறது. ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்.’ எல்லோருக்கும் இதே வசனம். 2024 நவம்பரில் ‘கங்குவா’ வந்ததற்குப் பிறகு, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். படம் பிடிக்கவில்லை என்று சொல்கிற உரிமை டிக்கெட் வாங்கியவனுக்கு உண்டு. அதைத் தடுக்க நினைப்பது அழகில்லை. ஆனால் அத்தைக்கு அந்த ஒரு வரி வெற்றிலை மடிக்கிற நேரம் கழித்துத்தான் வந்தது. மைக் நீட்டுகிறவனுக்கு அதுவரை நிற்க நேரமில்லை.

தியேட்டருக்குப் போகாததற்கு ஜனங்கள் சொல்கிற காரணங்களை நான் மறுக்கவில்லை. குடும்பத்தோடு போனால் டிக்கெட்டைவிடப் பாப்கார்னும் பார்க்கிங்கும் கண்ணைக் கட்டுகின்றன. வீட்டுச் சோற்றை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. விளம்பரத்தை அரை மணி நேரம் போடுகிறார்கள். எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் ஏசியை நிறுத்தி நிறுத்திப் போடுவது ஊரறிந்த ரகசியம். நாலு வாரம் பொறுத்தால் வீட்டுக்கே வருகிறது. வருகிற படம் வரட்டும், பாருங்கள். நானும் பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாட்டில்லை, சண்டையில்லை, ஆளே பேசுவதில்லை என்று யாராவது ஒரு படத்தைக் குறை சொல்லக் கேட்டால், அதை மட்டும் தியேட்டர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விடுங்கள். திங்கட்கிழமை காட்சியைக் குறைப்பார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை புதுப் படத்துக்கு இடம் விட்டு எடுத்துவிடுவார்கள்.