பிரதியும் பெயர்ச்சியும்

ஒரு கணக்கைப் பிரதி செய்வதும், அதனை இடம் பெயர்ப்பதும் ஒன்றெனவே பலர் எண்ணுகின்றனர். கணினியின் விரிதாளிலோ இவ்விரண்டும் வேறுபட்ட இயல்பின.

சீ2 என்னும் கலத்தில், ஏ2ஐயும் பீ2ஐயுங் கூட்டும் சூத்திரமொன்றை அமைப்போம். அதனைப் பிரதி செய்து சீ3இல் இட்டால், அது ஏ3ஐயும் பீ3ஐயுங் கூட்டும். வெட்டி நகர்த்தினாலோ, எங்கு குடியேறினும் ஏ2, பீ2 ஆகியவற்றையே கூட்டும். பிரதியானது புதிய அயலாரோடு உறவு கொள்கின்றது. பெயர்ந்தது பழைய சுற்றத்தை மறப்பதில்லை.

1979ஆம் ஆண்டில் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்ரன் என்னும் அமெரிக்கர் ஆக்கிய 'விசிகல்க்', பிரதி செய்யும்போது ஒவ்வொரு முகவரியையும் மாற்றுவதா, அவ்வாறே விடுவதா என வினவும். இன்றைய எக்செல் வினவுவதில்லை. மாறக்கூடாத முகவரிக்கு டொலர்க் குறியிட்டு நாமே முன்கூட்டி உணர்த்தல் வேண்டும்.

டொலர்க் குறியாலும் காக்கவியலாத இடமொன்றுண்டு. என் அயலில் வாழும் மூதாட்டி ஒருவர், ஓலைப்பெட்டி இழைத்துச் சேர்த்த 50,000 ரூபாயை ஊர்ச் சங்கமொன்றில் இட்டிருந்தார். வட்டி நூற்றுக்கு 6இலிருந்து 8ஆக உயர்ந்தது. பக்கத்தின் ஓரத்தே கே1இல் இருந்த வீதத்தைச் சங்கத்தின் கணக்கர், யாவர்க்கும் தெரியுமாறு தலைப்பிலுள்ள ஏ1இற் பிரதி செய்து, அங்கே புதிய வீதத்தைப் பொறித்தார். சூத்திரங்களோ பழைய கே1ஐயே நோக்கி நின்றன. அந்த ஓரம் அச்சில் வரவில்லை. அவர் கே1ஐ வெட்டி ஏ1இல் இட்டிருப்பின், சூத்திரங்கள் யாவும் அதனைப் பின்தொடர்ந்து சென்றிருக்கும்.

அச்சிட்ட தாள் வீட்டுக்கு வந்தது. மூதாட்டி அதனை மடித்துப் பெட்டியில் வைத்தார். பாடசாலையிற் பயிலும் பேத்தியோ, கொப்பியிற் பெருக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"ஐயா, தாளில் எட்டு என்று இருக்கிறது. பெருக்கியது ஆறாலே!"

4,000 வரவேண்டிய இடத்தில் 3,000 இருந்தது. சிறுமி கண்டதைச் சங்கத்தார்க்கு அறிவித்தோம். அவருக்கு மட்டுமன்றி, அங்கத்தவர் அனைவர்க்கும் வட்டி திருத்தப்பட்டது.

விரிதாள் பொய் சொல்வதில்லை. காட்டிய கலத்தையே பார்க்கும். ஆதலின், பிரதி செய்தபின் கடைசி நிரையின் சூத்திரத்தைத் திறந்து நோக்குக. வீதத்தைச் சற்றே மாற்றி, விடைகளும் மாறுகின்றனவா எனக் காண்க. ஒரு வரியையேனும் கையாற் பெருக்கிப் பார்க்க. பிறர் பணத்துக்குக் கணக்கெழுதுவோர்க்கு இம்மூன்றும் கடமையாகும்.