வாசல் மேடும் ரேஸ் காரும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். எனக்குக் கவிதை வராது. 'நட்பு' என்ற தலைப்பில் ஏற்கெனவே ஐந்து பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். ஆகவே நண்பர்களே, என் கையில் இருக்கும் ஒரே சொந்தக் கதையை எழுதுகிறேன். நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஆர்டர் செய்த கதை. சிரிக்காதீர்கள்! கார் என்னுடையது இல்லை. ஆனால் அதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று டிக் அடித்த பேனா என்னுடையதுதான்.

பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை, மாலையில் இங்கே வகுப்பு. ஆவடியில் ரயில் ஏறி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் தாண்டி, பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தால் எங்கள் பட்டறை. எட்டு சி.என்.சி., நான்கு பழைய லேத், இருபத்தாறு பேர். முதலாளி ஒரு காலத்தில் இதே எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தவர். இன்றும் மைக்ரோமீட்டரை எடுத்தால் நம்மைவிட வேகமாகப் படிப்பார்.

காரைப் பற்றிச் சொல்வதற்கு முன் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் எஸ்டேட் என்ன பாடு பட்டது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் பட்டறையில் இடுப்பளவு தண்ணீர். நான்காம் நாள் உள்ளே போனபோது மெஷின்களின் மேல் சேறும் கூலன்ட்டும் கலந்து ஒரு நாற்றம். அதை இப்போது நினைத்தாலும் சாப்பாடு இறங்காது. ஸ்பிண்டில் மோட்டார், டிரைவ் கார்டு எல்லாம் போச்சு. அந்த இரண்டு மாதம் எல்லோருக்கும் அரைச் சம்பளம். நான் அந்த செமஸ்டருக்குப் பரீட்சைப் பணம் கட்டவில்லை. என் அரியர்களுக்கெல்லாம் அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். (அப்ளைட் மெக்கானிக்ஸ் அதற்கு முன்பே போனது என்பது நமக்குள் இருக்கட்டும்.)

தண்ணீர் வடிந்த பிறகு முதலாளி செய்த முதல் வேலை, மெஷின் பெட்டுகளை உயர்த்தியது. இரண்டாவது, கேட்டுக்குக் குறுக்கே கான்கிரீட்டில் ஒரு மேடு போட்டது. ஆறு அங்குல உயரம், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிச் சரிவு. மிக்ஜாம் மாதிரி ஒன்று வந்தால் அது எதையும் தடுக்காது. ஆனால் வழக்கமான ஐப்பசி மழைக்கு ரோட்டில் நிற்கும் தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டது அந்த மேடுதான். 2024 மழையில் ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் மேட்டின் முக்கால் உயரம் வரை வந்து நின்றது. லேத் அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குழந்தைக்குக் காவல் இருக்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில் 2025 ஜூன் மாதம் ஒரு நாள் டீ டைமில் செய்தி பரவியது. முதலாளி கார் வாங்குகிறார். சாதாரணக் கார் இல்லை, போர்ஷே 911.

கேட்டவுடன் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருவர், "அரைச் சம்பளம் குடுத்தவருக்கு ரேஸ் காரா?" என்றார். லேத் அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கவலையே வேறு. "தாழ்ந்த வண்டி ஆச்சே... மேட்டை உடைப்பாங்களாடா? கேட்டுச் சொல்லு."

கேட்க வேண்டிய சந்தர்ப்பம் தானாக வந்தது. மறுநாள் முதலாளி ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் கம்ப்யூட்டரில் கார் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அச்செடுத்த தாள்கள், பக்கம் பக்கமாக.

"தம்பி, நீ டிப்ளமாதானே? இதுல பாதி எனக்குப் புரியல. விக்கறவன் எல்லாத்தையும் போடுங்கறான். பையன் எல்லாமே கலரா இருக்கணுங்கறான். நீ படிச்சு, எது வேலைக்கு ஆவும்னு சொல்லு."

நம்மில் பலர் வண்டியைக் கடையில் பார்த்து, கலரைச் சொல்லி, முன்பணம் கட்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள். போர்ஷே கதை அப்படி இல்லை. அடிப்படை விலை ஒன்று. அதற்கு மேல் சீட் பெல்ட்டின் நிறத்திலிருந்து பிரேக் தட்டின் உலோகம் வரை தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. அந்த விலையும் முழு விலை இல்லை! வெளிநாட்டில் முழுதாகச் செய்து கொண்டுவரும் காருக்கு, நாங்கள் கணக்குப் போட்ட அந்த 2025-இல், சுங்க வரி மட்டுமே நூறு சதவீதத்துக்கு மேல். அதற்கு மேல் ஜி.எஸ்.டி., செஸ். பிறகு இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 சதவீத வாழ்நாள் வரி. கூடுதலாகப் போடும் ஒவ்வொரு சாமானும் இத்தனை வாசலிலும் காசு கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். சிவப்பு சீட் பெல்ட்டுக்கும் சுங்கம் உண்டு ஐயா!

உண்மையைச் சொல்கிறேன். முதல் அரை மணி நேரம் எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஒவ்வொரு சாமானையும் என் சம்பளத்தால் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் தைத்த டேஷ்போர்டு இத்தனை மாதம். சக்கரத்துக்குத் தனி நிறம் இத்தனை மாதம். செராமிக் பிரேக்குக்கு வந்தபோது மாதக் கணக்கை விட்டுவிட்டு வருடக் கணக்குக்கு மாறினேன். ஐந்துக்கு மேல் போனது.

முதலாளிக்கு அந்த பிரேக் மேல் ஆசை. மஞ்சள் நிற கேலிப்பரோடு வருவது அது. கார்பன் கலந்த செராமிக் தட்டு, இரும்புத் தட்டின் எடையில் ஏறக்குறைய பாதிதான். சூடேறினாலும் பிடி தளராது. நல்ல சாமான், மறுக்கவில்லை. ஆனால் எந்த வேலைக்கு?

என் அப்ளைட் மெக்கானிக்ஸ் அரியருக்கு அன்றுதான் விடிவு வந்தது. ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினேன். ஆயிரத்து ஐந்நூறு கிலோ வண்டி. மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து நிறுத்தினால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி சுமார் 2,300 கிலோஜூல். 40 கிலோமீட்டரிலிருந்து நிறுத்தினால் சுமார் 93. வேகம் ஐந்து மடங்கு, சூடு இருபத்தைந்து மடங்கு.

"சார், பாடி மேம்பாலத்துலருந்து எஸ்டேட் வரைக்கும் நீங்க எப்ப நாப்பதைத் தாண்டுவீங்க?"

சிரித்துவிட்டார். "காலைல ஆறு மணிக்குக் கூட முடியாது." பேனாவை எடுத்து அவரே அடித்தார். மஞ்சள் கேலிப்பர் போனது. ஐந்து வருடச் சம்பளத்தை யாரோ எனக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி ஒரு அற்ப சந்தோஷம்!

அதன் பிறகு எனக்கு ஒரு வழி புலப்பட்டது. தாளில் இரண்டு கோடு கிழித்தேன். பிறகு வெளியே போட்டுக்கொள்ள முடிகிறவை ஒரு பக்கம். தொழிற்சாலையை விட்டு வந்தபின் எந்த ராஜா வந்தாலும் போட முடியாதவை ஒரு பக்கம். தரை விரிப்பு, ஸ்டிக்கர், உள் விளக்கு என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு மத்தியானத்தில் முடிகிற காரியம். அவை எல்லாம் அவுட். பின் சக்கரமும் சேர்ந்து திரும்புகிற வசதி, அச்சைத் தூக்குகிற ஹைட்ராலிக் எல்லாம் பிறப்பிலேயே வர வேண்டும். அவற்றை மட்டும் உட்கார்ந்து யோசித்தோம்.

ஒன்றில் மட்டும் நான் தோற்றேன். ஸ்போர்ட் க்ரோனோ என்று ஒரு தொகுப்பு. டேஷ்போர்டின் மேல், நட்டநடுவில் ஒரு ஸ்டாப் வாட்ச் கடிகாரம் வரும். "இது எதுக்கு சார்?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். எண்பதுகளின் ஆரம்பத்தில், அப்ரண்டிஸாக இருந்தபோது, அம்பத்தூரிலேயே செய்த சைக்கிளில், ரெட் ஹில்ஸ் வழியாகச் சோழவரம் ரேஸுக்குப் போவாராம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன் சென்னைக்காரர்களுக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான். வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பிரித்து மேய்ந்து ஓட்டியவர்கள், பின்னாளில் ஃபார்முலா மாருதியை வடிவமைத்த கோவை கரிவரதன், என்சைன் ஃபார்முலா ஒன் காரோடு வந்த விஜய் மல்லையா எல்லோரையும் அங்கேதான் பார்த்தாராம்.

"டிக்கெட் வாங்கக் காசு இருக்காது. தூரத்துல ஏறி நிப்போம். எங்க போர்மேன் கிட்ட ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்துச்சு. ஒரே ஒரு தடவை கைல குடுத்தார். ஒரு ரவுண்டு, கரெக்டா அமுக்கினேன். அதுக்குள்ள புடுங்கிக்கிட்டார்." கையை மூடித் திறந்து காட்டினார். "அது இருக்கட்டும் தம்பி."

இருக்கட்டும் என்று டிக் அடித்தேன். அதற்கு என்ன கணக்கு எழுதிக் காட்டுவது?

இனி முக்கியமான கட்டம். லேத் அண்ணனின் கேள்வியைக் கேட்டேன். "சார், மேடு?"

"அதான் யோசிக்கிறேன். கொத்தனாரை வரச் சொல்லிருக்கேன். இறக்கிடலாம்னு..."

"வண்டியை வீட்டுலயே விட்டுட்டு வரலாமே சார்?"

"இங்க சம்பாதிச்சு வாங்கறது. இங்க வராம?"

நியாயம்தான். ஆனால் எனக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்த லேத் அண்ணன் ஞாபகம் வந்தார். அரைச் சம்பளம் ஞாபகம் வந்தது. "ஒரு நாள் டைம் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று இரவு வகுப்பு முடிந்ததும் சிவில் நண்பன் ஒருவனை இழுத்துக்கொண்டு போய் டிராயிங் ஷீட்டை விரித்தேன். பத்தில் ஒன்று ஸ்கேல். முதலில் அவன் ஒரு பாடம் எடுத்தான். சாலை வேகத்தடைக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவு நாலு அங்குல உயரம்தான், ஆனால் 3.7 மீட்டர் அகலம். "உங்க மொதலாளி போட்டது மேடு இல்லடா, சுவரு!" அந்தக் காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,450 மில்லிமீட்டர். வயிற்றுக்கும் தரைக்கும் அரைச் சாணுக்குச் சற்று மேல். எங்கள் மேடோ மொத்தமே நாலடி. சக்கரம் இரண்டும் கீழே இருக்க, ஆறு அங்குலக் கான்கிரீட்டும் வயிற்றில் ஏறும். (ஆவடியில் பிறக்கும் டாங்கிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை!)

உயரத்தைக் குறைக்காமல் சரிவை நீட்டலாமா என்று பார்த்தோம். வெளிப்பக்கம் மழைநீர்க் கால்வாய். ஒரு மீட்டருக்கு மேல் நீட்ட முடியாது. உள்பக்கம் மூன்று மீட்டர் இடம் இருக்கிறது. காரின் அடிப்பாகத்தை டிரேசிங் ஷீட்டில் வெட்டி, மேட்டின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போனோம். பின் சக்கரம் வெளிச் சரிவின் அடியில் நிற்கும்போதுதான் மோசமான நிலை. அங்கே மேடு வயிற்றுக்குள் 118 மில்லிமீட்டர் வரை ஏறுகிறது. நூலிழை. முன் அச்சைத் தூக்கும் வசதியை வாங்கினால் மூக்கு சுமார் 40 மில்லிமீட்டர் உயரும். அந்த முனையில் 16 கிடைக்கும். பதினாறு மில்லிமீட்டர், நண்பர்களே! இன்ஸ்பெக்‌ஷனில் வேலை செய்கிறவனுக்கு அது பெரிய மைதானம். போதாததற்கு, எந்த இடத்தில் தூக்க வேண்டும் என்பதை செயற்கைக்கோள் உதவியால் அந்தக் கார் ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம்.

விலை என் இரண்டு வருடச் சம்பளத்துக்கு மேல். இந்த முறை எனக்கு வயிறு எரியவில்லை.

மறுநாள் ஷீட்டை மேஜையில் விரித்தேன். முதலாளி டிரேசிங் ஷீட்டைத் தானே எடுத்து இரண்டு முறை நகர்த்திப் பார்த்தார். வெளிச் சரிவின் அடியில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார். கொத்தனாருக்கு போன் போட்டார். "இடிக்க வேணாம்பா. நீட்டணும்."

கடைசித் தாளில் ஒரு விசித்திரம் இருந்தது. பட்டியல் முழுவதிலும் காசே கேட்காத சாமான்கள் அபூர்வம். அதில் ஒன்று, காரின் பின்புறம் இருக்கும் மாடல் பெயரை எடுத்துவிடுவது. நான் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக ஷாப்பைப் பார்த்தார். லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"எடுத்துடச் சொல்லு" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. 2023 டிசம்பர் சம்பளக் கவரை அவர் கையாலேயே எங்களிடம் கொடுத்தபோது யார் முகத்தையும் பார்க்காதது மட்டும் எனக்கு ஞாபகம் வந்தது.

பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. லீவு நாள், ஆனாலும் முக்கால்வாசிப் பேர் ஆஜர். நான் கேட்டுக்குப் பக்கத்தில் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன், கையில் டார்ச். முதலாளி கால்வாயோரம் நிறுத்தி பட்டனை அமுக்கினார். மூக்கு எழுந்தது. முன் சக்கரம் ஏறியது, தாண்டியது. பின் சக்கரம் சரிவின் அடிக்கு வந்தது. என் டிராயிங் ஷீட்டின் அந்தப் புள்ளி! ஒரு விரல் இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தது.

"போவுது சார்... போவுது... வாங்க..."

உரசவில்லை. லேத் அண்ணன்தான் முதலில் கை தட்டினார். காரைப் பார்த்து அல்ல, மேட்டைப் பார்த்துத் தட்டினார் என்பது என் சந்தேகம்.

வாட்ச்மேன் காரைச் சுற்றி வந்து, பின்பக்கம் குனிந்து தேடிவிட்டு, என் காதில் கேட்டார்: "பேரே போடலியே தம்பி, இது மாருதிலயா வருது?"

முதலாளி கதவைத் திறந்தபடி டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுலருந்து கேட்டு வரைக்கும்," என்றார், "ஆறு நிமிஷம் நாப்பது செகண்டு. நடுவுல ஒரு மாடு."