வீர் ஆற்றங்கரையில் மூன்று மிதிவண்டிகள்

பிரான்சு தேசத்துக்குப் போய் வந்தோம் என்று சொன்னவுடன் நம் சங்கத்து அன்பர்கள் விசாரிப்பது ஈபில் கோபுரத்தைப் பற்றித்தான். அதையும் கண்டோம், கூட்டம் மிகுதி. அதற்குமேல் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. இங்கே எழுத விரும்புவது, சுற்றுலா வண்டிகள் நிற்காத ஒரு சிற்றாற்றைப் பற்றி. அதன் பெயர் வீர். பெயரில் வீரம் ஒலித்தாலும் ஆறு பரம சாது. நார்மண்டிப் பகுதியில் தோன்றி, சுமார் 128 கிலோமீட்டர் நடந்து, ஆங்கிலக் கால்வாயில் கலந்துவிடுகிறது. காவிரிக் கரையில் பிறந்தவர்கள் கண்டால் அதைப் பெரிய வாய்க்கால் என்பார்கள். எங்களில் ஒருவர் திருவையாற்றுக்காரர். அவர் அப்படியே சொல்லவும் செய்தார்.

எங்கள் மகள் கான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவளைப் பார்க்கச் சென்றோம். பார்க்கச் சென்றோம் என்பது ஜாம்ஷெட்பூரில் அக்கம்பக்கத்தாரிடம் சொன்ன காரணம். ஆராய்ச்சி முடியும் தறுவாயில் இருந்தது. கையோடு அழைத்துவந்துவிட வேண்டும் என்பதே உள்ளத்தில் இருந்தது. பெட்டியில் வடாத்துக்கும் ஊறுகாய்ப் புட்டிகளுக்கும் நடுவே இரண்டு ஜாதகப் பிரதிகளும் பயணம் செய்தன.

பேச்சை எடுக்க அவள் இடம் கொடுக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போகிறோம், அப்பா. அம்மாவுக்கும் ஒரு வண்டி கேட்டு வைத்திருக்கிறேன்" என்றாள்.

எங்களில் ஒருவர் இருபத்தொரு ஆண்டுகள் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போய் வந்தவர். ஒரு நாள் காலை ஷிப்டுக்குச் செல்லும்போது லாரி ஒன்று உரசிச் சாலையோரத்தில் தள்ளியது. காரை எலும்பு முறிந்தது. சைக்கிள் அன்றோடு சரி. மற்றவர் பதினான்கு வயதில், மணிக்கு நாலணா வாடகை வண்டியில், ஆற்றங்கரைப் பாதையில் பழகியவர். மணமானபின் தொட்டதில்லை. இத்தகைய இருவரைத்தான் அவள் வெளிநாட்டில் வண்டியேற்றத் துணிந்தாள்.

அவள் ஓட்டுவது கிராவல் சைக்கிள் எனப்படுவது. சரளைக்கல் பரப்பிய பாதைக்கென்றே செய்த வண்டி. கைப்பிடி ஆட்டுக்கடாவின் கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயர் பந்தய வண்டியின் டயரைவிட அகலம். 40 மில்லிமீட்டர் அளவு. காற்றையும் சற்றுக் குறைவாகவே அடைக்கிறார்கள். அப்படியானால்தான் டயர் கல்லைத் தழுவிப் போகும்; வழுக்காது; அதிர்ச்சியும் தோளுக்கு ஏறாது. கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டும் இல்லை. நம் ஊர்ப் பால்காரர் இதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். எங்களுக்கு அவள் நண்பர்களின் சாதாரண வண்டிகள், நிமிர்ந்து உட்காரும் வகை, கிடைத்தன.

வண்டிகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு சேன் லோ என்னும் ஊரில் இறங்கினோம். நிலையத்துக்கு எதிரிலேயே ஆறு. ஆற்றுக்கு அப்பால் பாறைமேல் பழைய கோட்டைச் சுவர். பழைமை அந்தச் சுவரோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. 1944 ஜூன் 6ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் கடற்கரையில் இறங்கிய அன்றிரவு, நேச நாட்டு விமானங்களே இவ்வூரைக் குண்டு வீசித் தகர்த்தன. ஜெர்மானியர் சிறையில் அடைத்து வைத்திருந்த தேசபக்தர்களும் அதில் மாண்டனர். அந்தச் சிறையின் வாயிலை மட்டும் நினைவுச்சின்னமாக விட்டு வைத்திருக்கிறார்கள். மறு ஆண்டு அயர்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தார் இங்கே மரக்கொட்டகைகளில் மருத்துவமனை அமைத்தபோது, பண்டகசாலைப் பொறுப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வந்தவர் சாமுவேல் பெக்கெட். 1969இல் நோபல் பரிசு பெற்றவர் அவரே. இந்த ஊரை அவர் 'இடிபாடுகளின் தலைநகர்' என்று எழுதினார். மாதா கோயிலின் இடிந்த முகப்பைப் பழையபடி கட்டாமல், வெறும் கல்சுவரால் அடைத்திருக்கிறார்கள். காயத்தை மறைக்க வேண்டாமென்று நினைத்தார்கள்போலும்.

இவையெல்லாம் மகள் சொல்லிக் கேட்டவை. ஒரு பள்ளி ஆசிரியையைப்போலக் கை நீட்டிச் சொல்லி வந்தாள்.

ஊரைத் தாண்டியதும் பாதை ஆற்றோடு சேர்ந்தது. நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் தெற்கே சென்றோம். இது புதிதாக வெட்டிய பாதையன்று. 19ஆம் நூற்றாண்டில் வீர் ஆற்றில் மதகுகள் கட்டிப் படகுப் போக்குவரத்து நடத்தினார்கள். கடலோரத்தில் படியும் சாம்பல் நிற வண்டலையும் சுண்ணாம்பையும் தட்டைப் படகுகளில் ஏற்றி உள்நாட்டு வயல்களுக்கு அனுப்பினார்கள். புளிப்பேறிய மண்ணுக்கு அது உரம். கரையில் நடந்து கயிற்றால் படகை இழுப்பதற்காக ஏற்பட்டதே இப்பாதை. ரயில் வந்தது, படகுகள் தொழில் இழந்தன, பாதை மட்டும் நின்றது. படகு இழுத்த பாதையாதலால் மேடு பள்ளம் இல்லை. எங்கள் முழங்கால்கள் பிழைத்தது அதனால்தான்.

இத்தகைய வழிகளுக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயரின் பொருள் பசும்பாதை என்பது. 2004ஆம் ஆண்டு முதல் சாலை விதிகளிலேயே அதற்கு இடமுண்டு: நடப்போர், மிதிவண்டியினர், குதிரையில் வருவோர் தவிர மோட்டார் வாகனம் எதுவும் நுழையலாகாது. முதல் அரைமணி நேரம் எங்களில் மூத்தவர் நிமிடத்துக்கொரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தவண்ணம் இருந்தார். எதுவும் வரவில்லை. லாரி உரசிய உடம்பு அதை நம்ப மறுத்தது. பிறகு எப்போது திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. கேட்டதெல்லாம் டயருக்கடியில் சரளை நொறுங்கும் ஓசையும் மதகில் நீர் விழும் ஓசையுமே. கண்ணைச் சுற்றிக் கருமை படர்ந்த நார்மண்டிப் பசுக்கள் வேலிக்கருகே வந்து எங்களை உற்று நோக்கின. வேலி என்றால் முள்வேலி அன்று. மண்கரை எழுப்பி அதன்மேல் மரம் வளர்த்த வரப்பு. 1944 ஜூலையில் அமெரிக்கப் படையினர் இவ்வரப்புகளுக்கிடையே வயல் வயலாகப் போரிட்டுத்தான் 18ஆம் தேதி சேன் லோவுக்குள் நுழைந்தார்களாம். இன்று அவ்வரப்புகளில் காட்டு முசுக்கட்டைக் கொடி படர்ந்திருக்கிறது.

"குப்பையே காணோமே, யார் பெருக்குகிறார்கள்?" என்று கேட்டோம்.

"இங்கே நாங்கள் எங்கள் குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்விடுவோம்" என்றாள் மகள்.

'நாங்கள்' என்றாள். தமிழில் நாம் என்றும் சொல்லலாம், நாங்கள் என்றும் சொல்லலாம். அந்தச் சொல்லுக்குள் நாங்கள் இருவரும் இல்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நாங்கள் கவனித்தோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

அந்த மௌனத்தில்தானோ என்னவோ, ஒரு மதகருகே திருவையாற்றுக்காரர் பிரேக்கை அழுத்தினார். சரளையில் முன்சக்கரத்தின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் வண்டி வழுக்கும் என்று காலையிலேயே பாடம் சொல்லப்பட்டிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் பாடம் கைக்கு வர நேரமாகிறது. விழுந்தார், முழங்கை சிராய்ந்தது. மகள் தன் வண்டியைப் புல்லில் எறிந்துவிட்டு ஓடிவந்து, தண்ணீர் ஊற்றிக் கல் துகள்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். "சின்ன வயதில் இப்படித்தான் நீ எனக்கு எடுப்பாய், அம்மா" என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள்.

ரோஷ் த ஆம் என்னும் பாறைக்குக் கீழே அமர்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஆறு வளைந்து போகும் இடத்தில் ஏறக்குறைய 80 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் பாறை அது. மேலே ஏறினால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் என்றாள். கீழிருந்தே போதும் என்றோம். அங்கேதான் கேட்டோம்: "எப்போது ஊருக்கு வருகிறாய்?"

இன்னும் இரண்டு ஆண்டு வேலைக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. எழுத்தில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் சொல்லலாம் என்று இருந்தேன் என்றாள். சொல்லிவிட்டுப் புளியோதரையைப் பார்த்தபடி இருந்தாள். எங்கள் தந்தையரிடம் டாட்டாநகருக்குப் போகிறோம் என்று சொன்ன நாள் எங்களில் மூத்தவருக்கு நினைவு வந்தது. அன்று அவரும் சோற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாதகங்களைப் பற்றி அவ்விடத்தில் பேசவில்லை. பேசாமலே விட்டோம் என்றும் அன்பர்கள் எண்ண வேண்டாம். கான் திரும்பியபின் ஒரு சச்சரவு நடந்தது. அது இங்கே வேண்டாம்.

திரும்பும் வழியில் எதிர்க்காற்று. மகள் முன்னே சென்று காற்றை வாங்கிக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் ஒருவர்பின் ஒருவராக மிதித்தோம். ரயிலில் வண்டிகளைக் கொக்கியில் மாட்டியபின், முழங்கையில் கட்டுடன் இருந்தவர் கேட்டார்: "தெஸ்ஸி என்று பலகையில் போட்டிருந்ததே, அந்த ஊர் இந்தப் பாதையில் இன்னும் எவ்வளவு தூரம்?"

"அடுத்த ஞாயிறு போகலாம், அம்மா" என்றாள் மகள். போனோம்.