மாட்டை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்

நம் மன்றத்தின் சென்ற பொங்கல் விழா நாடகத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தில்லிக் குளிரில் போர்வையும் கம்பளிக் குல்லாயுமாக வந்து அமர்ந்து, மனுநீதிச் சோழனுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் அல்லவா நீங்கள்! அரசனாக நடித்தவரைப் பாராட்டினீர்கள், அமைச்சரைப் பாராட்டினீர்கள், சர்க்கரைப் பொங்கலையும் பாராட்டினீர்கள். என்னைப் பாராட்டியவர் ஒருவருமில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நாற்காலிகளை அடுக்கி, பொங்கல் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் என் வேலையே தொடங்கியது. நாடகத்தை வீடியோவாகத் தொகுத்து, நடித்தவர்களின் பெற்றோருக்கு அனுப்பி வைக்கும் பொறுப்பு என்னுடையது.

மூன்று கைப்பேசிகளில் நாடகத்தைப் பதிவு செய்திருந்தோம். ஒன்று அரங்கின் நடுவே, முக்காலியில் அசையாமல் நின்றது. இரண்டாவது, மேடையிலிருந்து சுமார் இருபது மீட்டர் தள்ளி, கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்தது. மூன்றாவதை மேடையின் இடப்பக்கத்தில் ஒரு முதலாண்டு மாணவர் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். குளிரிலோ கூச்சத்திலோ அவர் கை நடுங்கியது, படமும் நடுங்கியது. நாற்பது நிமிட நாடகம் மூன்று கைப்பேசிகளிலும் சேர்ந்து சுமார் 15 ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டது.

முதலில் நான் சோம்பேறித்தனத்தையே துணைக்கு அழைத்தேன். என் கைப்பேசியில் இருந்த ஒரு சிறு செயலியில் நடுக்காமிராவின் படத்தை நீளமாகப் போட்டேன். அங்கங்கே பின்வரிசைப் படத்தை ஒட்டினேன். மூன்றாவது படத்தை இரண்டு நிமிடம் பார்த்தேன், தலை சுற்றியது, ஒதுக்கிவிட்டேன். ஒரே இரவில் வேலை முடிந்தது. எல்லார் வீட்டுக்கும் அனுப்பினேன். மடிக்கணினியில் இடம் போதாமையால், அந்த நடுங்கும் படத்தை அழித்துவிடலாமா என்று எடுத்தவரையே கேட்டேன். "அண்ணா, இரண்டு நாள் பொறுங்களேன்" என்றார். பொறுத்தேன்.

மறுநாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். அவருடைய மகன்தான் நம் நாடகத்தில் கன்றை இழந்த பசு. வெள்ளைப் போர்வையைப் போர்த்தி, அட்டைக் கொம்பை வைத்து, ஆராய்ச்சி மணியின் கயிற்றை இழுத்த அந்தத் தம்பிக்கு ஒரு வசனமும் கிடையாது. மனுநீதிச் சோழன் கதைக்கே ஊர் திருவாரூர்தான். அந்த ஊர்ப் பிள்ளைக்கு நாம் கொடுத்த வேடமோ மாடு! ஊரை விட்டுப் படிக்க வந்த மகன் மேடை ஏறியதை அந்த அம்மா பார்த்ததே இல்லையாம்.

"தம்பி, நாடகம் ரொம்ப நல்லா இருந்தது. ராஜா வேஷம் கட்டின பிள்ளை அருமையா பேசுது. ஆனா..." என்று சற்றே தயங்கினார். "சொல்லுங்கம்மா" என்றேன். "மாட்டை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்" என்றார்.

குறை சொல்லும் குரலன்று அது. கேட்கக் கூசிய குரல். அன்றிரவு நான் தொகுத்ததை நானே மீண்டும் பார்த்தேன். மணி அடிக்கிறது, அரசன் திடுக்கிட்டு எழுகிறான். மணியை அடித்த பசுவின் கொம்பு நுனி மட்டும் திரையோரத்தில் தெரிகிறது. கன்றை இழந்த தாய்க்கு நீதி சொல்லும் நாடகத்தில், நான் அந்தத் தாயையே வெட்டி எறிந்திருந்தேன்!

வேறு நல்ல மென்பொருள் தேட வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு வேண்டியவை மூன்று. முதலாவது, மூன்று காமிராக்களின் படங்களையும் ஒரே நேரத்தில் அருகருகே பார்க்க முடிய வேண்டும். இரண்டாவது, அவற்றின் ஒலியைக் கொண்டு அவற்றைத் தானே ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். மூன்றாவது, கிராபிக்ஸ் கார்டு இல்லாத, 8 ஜிபி நினைவகமே உள்ள என் பழைய மடிக்கணினியில் அது ஓட வேண்டும். என் பணப்பையும் அதைத் தாங்க வேண்டும்.

ஃபைனல் கட் புரோவில் அறுபத்து நான்கு கோணங்கள் வரை சேர்க்கலாம். ஆனால் அது ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்குவது. நம் விடுதி அறையில் ஆப்பிள் பழமே அரிது. அடோபி பிரீமியரிலும் ஒலியைக் கொண்டு பொருத்தும் வசதி உண்டு. அதற்குச் சந்தா கட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் டாவின்சி ரிசால்வ், இலவசப் பதிப்பிலேயே இந்த வசதிகளைத் தருகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அந்தக் கார்டையே பெரிதும் நம்பி ஓடுவது. என்னிடம் இருந்ததோ நம்பிக்கை மட்டும்தான்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் வந்தார். "இதற்கா இவ்வளவு யோசனை?" என்று ஒரு பென்டிரைவை மேசைமேல் வைத்தார். பூட்டை உடைத்த விலையுயர்ந்த மென்பொருள் அதில் இருந்தது. ஆசை இல்லாமல் இல்லை. பென்டிரைவைச் செருகவும் போனேன். பெற்ற மகனென்றும் பாராமல் தேர்க்காலில் இட்ட அரசனின் நாடகத்தைத் திருட்டு மென்பொருளிலா தொகுப்பது? சிரிப்பு வந்துவிட்டது. நண்பரும் சிரித்தார். பென்டிரைவ் அவர் பைக்கே திரும்பியது.

முடிவில் நான் தேர்ந்தது கேடென்லைவ். 2002-இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள் அது. காசும் வேண்டாம், களவும் வேண்டாம். பெரிய வீடியோ கோப்புகளுக்கு 'பிராக்ஸி' என்ற சிறிய நகல்களை அது செய்துகொள்ளும். நாம் நகலை வைத்து வேலை செய்யலாம். இறுதிப் படம் மூலக் கோப்பிலிருந்தே உருவாகும். பழைய கணினிக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

வேலை உடனே முடிந்துவிடவில்லை. மூன்று படங்களையும் ஒலியைக் கொண்டு பொருத்தினேன். தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது. நாடகம் முடியும் நேரத்திலோ அரசன் வாயை மூடிய பிறகும் வசனம் கேட்டது! கைப்பேசிகள் பெரும்பாலும் நொடிக்கு இத்தனை பிரேம் என்று ஒரே சீராகப் பதிவு செய்வதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப அந்த எண்ணிக்கை கூடிக் குறையும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மூன்றையும் நொடிக்கு 30 பிரேம் என்று நிலையாக மாற்றிக்கொண்ட பிறகே வாயும் வசனமும் கூடின.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்கிறது. இருபது மீட்டர் தள்ளி நின்ற கைப்பேசிக்கு மேடையின் குரல் ஒரு நொடியில் பதினேழில் ஒரு பங்கு தாமதமாகவே போய்ச் சேரும். ஆகவே ஒலியைப் பொருத்தினால் படம் சுமார் இரண்டு பிரேம் விலகி நிற்கும். கண்ணுக்கு இது அநேகமாகத் தெரியாது. தெரிந்தால் அந்தப் படத்தை மட்டும் கையால் நகர்த்திக்கொள்ளலாம். அடுத்த விழாவில் படம் பிடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தொடக்கத்தில் மேடையில் ஒருவர் நின்று பலமாக ஒருமுறை கைதட்டட்டும். அந்த ஒரு தட்டல், பொருத்துகிறவனுக்குப் பெரிய உபகாரம்.

எல்லாம் பொருந்திய பின் மூன்று படங்களும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக ஓடின. எண் விசையைத் தட்டினால் அந்தக் கோணம் வரும். பிடிக்காவிட்டால் வெட்டிய இடத்தைத் திரும்ப நீட்டிக்கொள்ளலாம், மூலப்படம் அழிவதில்லை. இந்த வழி புதிதன்று. 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொலைக்காட்சித் தொடரைப் பார்வையாளர் முன்னிலையில் மூன்று பிலிம் காமிராக்களால் எடுத்தார்கள். அந்தச் சுருள்களை ஒன்றாக ஓடவிட்டுப் பார்க்கப் பல தலைகள் கொண்ட மூவியோலா இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். அதற்கு 'மூன்று தலைப் பூதம்' என்று பட்டப்பெயர். அந்தப் பூதம் இன்று நம் விடுதி மேசைக்கு இலவசமாக வந்திருக்கிறது.

பதினோராம் நிமிடம். நடுப்படத்தில் அரசன் எழுகிறான். பின்வரிசைப் படத்தில் தலைகள். நான் ஒதுக்கி வைத்த மூன்றாவது படத்தில், அட்டைக் கொம்புக்குக் கீழே அந்தத் தம்பியின் முகம். கயிற்றைப் பற்களால் கவ்வி இழுக்கிறான். கண்களிலிருந்து நீர் வழிகிறது. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். அரங்கமே அரசனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அழுகிறான். கைப்பேசியைப் பிடித்திருந்த அறைத்தோழர் மட்டும் அவனைப் பார்த்திருக்கிறார். கை ஏன் நடுங்கியது என்று எனக்கு அப்போது புரிந்தது.

மூன்றாம் எண்ணைத் தட்டினேன். பன்னிரண்டு நொடி. நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருந்தும் நான் அதைத் தொடவில்லை.

புதிய தொகுப்பு திருவாரூருக்குப் போய் நான்கு நாட்களாயின. பதில் இல்லை. நானே அழைத்தேன். "பார்த்தீங்களாம்மா?" என்றேன். "தெருவே பார்த்துடுச்சு தம்பி" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவன் நிஜமாவே அழுதானா? அங்க அவனுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?"

"இல்லையம்மா, நடிப்புத்தான்" என்றேன். சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தவன் நேரே அந்தத் தம்பியின் அறைக்குப் போனேன். ஒரே விடுதியில் ஆறு மாதமாக இருந்தும், அந்த அறைக்கு நான் போனது அதுவே முதல்முறை. இருவரும் தேநீர் குடித்தோம். ஊர் நினைவு, இந்தி புரியாத வகுப்பு, சப்பாத்தி இறங்காத தொண்டை என்று நெடுநேரம் பேசினான்.

எந்த மென்பொருள் நல்லது என்று இப்போது பலரும் என்னைக் கேட்கிறார்கள். உங்கள் கணினிக்கும் கைக்கும் எது பொருந்துமோ அது நல்லது என்கிறேன். எல்லாக் கோணங்களையும் ஒன்றாகக் காட்டுகிறதா, தவறாக வெட்டியதைத் திரும்ப ஒட்ட விடுகிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: நடுங்கும் படத்தை அழிக்கும் முன், எடுத்தவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.