பூட்டிய வீட்டின் காவலன்

எங்கள் தொண்டைமானாற்றில் குடும்பம் இலண்டன் சென்றபின், பூட்டிய வீட்டுப் படலையில் காத்துக் கிடக்கும் நாய்களை நான் கண்டதுண்டு. பயணச்சீட்டு வாங்கிய பின்னரே பலருக்கு நாயின் நினைவு வருகின்றது. அப்போது காலம் போதாது.

விசர்நோய்க்கு அஞ்சிப் பிரித்தானியா விதித்துள்ள ஒழுங்கு இது: முதலில் தோலின்கீழ் அடையாள நுண்சில்லு, அதன்பின் தடுப்பூசி, குறைந்தது 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. சில்லுக்கு முன் இட்ட ஊசி செல்லாது. ஆக, 4 மாதமேனும் வேண்டும். ஆஸ்திரேலியாவோ இலங்கையிலிருந்து நேரே நாயை ஏற்பதில்லை.

தன்னைத் தொடர்ந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புகத் தருமன் மறுத்தான். நாம் தருமர் அல்லோம். எனினும், விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே மிருக வைத்தியரையும் காணலாம். கொண்டுசெல்ல இயலாதோர், அவ்வாயில்லா உயிருக்குச் சோறிடும் ஓர் இல்லத்தைத் தேடி வைத்தேனும் புறப்படுக.