கொரியாவின் கிம்ச்சிக் காலம்

கொரிய நாட்டில் குளிர்காலம் நெருங்குவதை அறிய நாட்காட்டியைப் பார்க்க வேண்டுவதில்லை. நவம்பர் மாதக் கடைசியில் ஏதேனும் ஒரு சந்தைக்குள் நுழைந்தால் போதும். நம் முட்டைக்கோசைப்போல் உருண்டையாக அன்றி, நீண்டு தடித்த சீனக் கோசுகள் மலைபோல் குவிந்திருக்கும். அருகே மூட்டை மூட்டையாகக் கல்லுப்பும் மிளகாய்ப் பொடியும் விற்பனைக்கு இருக்கும். குளிர்காலம் முழுமைக்கும் வேண்டிய கிம்ச்சியை ஒரே மூச்சில் இட்டு வைக்கும் இவ்வழக்கத்திற்குக் 'கிம்ஜாங்' என்று பெயர்.

சனவரி மாதத்தில் சோல் மாநகரின் குளிர் உறைநிலைக்கும் கீழே இறங்கிவிடும். பனி உறைந்த நிலத்தில் கீரை ஏது, காய் ஏது? மாதக்கணக்கில் பசுங்காயைக் காண இயலாத மக்கள், இலையுதிர்கால விளைச்சலை உப்பிட்டுக் காத்த வழியே கிம்ச்சி. குளிர் மிகுந்த வடபகுதியில் உப்பும் காரமும் குறைவு, நீர் மிகுதி. தெற்கே செல்லச் செல்ல வெயில் சற்று ஏறுவதால், கெடாமல் இருக்க உப்பும், உப்பிலிட்ட மீனும் கூடுதலாகச் சேர்க்கின்றனர். ஆகவே, ஒரு வாய் கிம்ச்சியைச் சுவைத்தே அஃது எந்த மாநிலத்துக் கைப்பக்குவம் என்று கூறிவிடுவோர் உண்டு.

தென்மேற்கே குவாங்ஜு நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் நாம் காணும் கிம்ஜாங் இரண்டு நாள் வேலை. முதல் நாள், கோசை நெடுக்காகப் பிளந்து உப்பு நீரில் அமிழ்த்தி, இலைகளினிடையே கல்லுப்பைத் தூவி இரவு முழுவதும் ஊற விடுகின்றனர். மறுநாள் காலையில், வளைத்தாலும் ஒடியாத அளவிற்கு அது துவண்டிருக்கும். பன்முறை அலசி நீரை வடித்தபின், மிளகாய்ப் பொடி, பூண்டு, இஞ்சி, துருவிய முள்ளங்கி, வெங்காயத்தாள், உப்பிலிட்டுப் புளித்த இறால், நெத்திலிச் சாறு ஆகியவற்றை அரிசி மாவுக் கஞ்சியில் குழைத்து, ஒவ்வோர் இலைக்கும் இடையே பூசுகின்றனர். பெரிய குடும்பமாயின் நூறு கோசு இடுவதும் முற்காலத்தில் வழக்கம். ஒருவர் கையால் ஆகக்கூடிய பணியா இது? இன்று இவ்வீட்டில் கூடும் பெண்கள் நாளை அடுத்த வீட்டில் கூடுவர். கூலி கிடையாது. வேலை முடிந்ததும் வேகவைத்த பன்றி இறைச்சியோடு புதுக் கிம்ச்சியைச் சேர்த்து உண்டு, ஆளுக்கொரு பங்கை எடுத்துச் செல்வர்.

பின்னர், மனிதர் கை ஓய்ந்த இடத்தில் கண்ணுக்குப் புலப்படாத உயிர்களின் வேலை தொடங்குகிறது. மண்ணில் கழுத்தளவு புதைத்த சாடியினுள், உப்பு தீய கிருமிகளை அடக்கி வைக்க, லியூகோனாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் முதலில் பெருகுகிறது. அது காயிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. புளிப்பு ஏறியபின், அப்புளிப்பைத் தாங்கவல்ல லாக்டோபாசில்லஸ் இனத்தவை பணியை ஏற்கின்றன. நம் இல்லங்களில் இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்குவதும் அதே லியூகோனாஸ்டாக்கின் வேலைதான் என்றறியும்போது, கொரியா நமக்கு அத்துணைத் தொலைவில் இல்லை என்று தோன்றுகிறது அன்றோ!

இத்தகைய புளித்த உணவுகள் குடலுக்கு நன்மை பயக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2021-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில் 36 பேர் பங்கு கொண்டனர். அவர்களுள் தயிர், கிம்ச்சி போன்றவற்றைப் பத்து வாரம் மிகுதியாக உண்ட பிரிவினரின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதங்கள் பல குறைந்தன. எனினும் இது சிறிய ஆய்வே. கிம்ச்சியை மருந்தாகக் கொள்வது தகாது. அதில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உள்ளோர் அளவறிந்து உண்ண வேண்டும். கொதிக்க வைத்தால் சுவை நிற்கும், நுண்ணுயிர்கள் மடிந்துவிடும்.

தென்கொரியாவின் கிம்ஜாங்கை 2013-இலும், வடகொரியாவின் கிம்ச்சி மரபை 2015-இலும் யுனெஸ்கோ மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் சேர்த்தது. எல்லைக்கோடு பிரித்த ஒரே மக்களின் வழக்கம் இரு முறை பதிவாயிற்று! தென்கொரியாவுக்கான பதிவின் பெயரிலேயே 'கிம்ச்சி செய்தலும் பகிர்தலும்' என்று இருப்பது நம் சிந்தனைக்குரியது. போற்றப்பட்டது பண்டம் மட்டுமன்று. பகிரும் பண்பும் ஆகும்.

அப்பண்பிற்குத்தான் இன்று சோதனை. அடுக்குமாடி வீட்டில் சாடி புதைக்க மண் இல்லை; 1990-களில் பரவிய கிம்ச்சிக் குளிர்பெட்டி அக்குறையைத் தீர்த்தது. உப்பிட்டு அலசிய கோசும் பெட்டியில் வீடு தேடி வருகிறது. ஆயின், மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட வீடுகளில் ஒருவர் மட்டுமே வாழும் அந்நாட்டில், கூடி அமரும் கைகளை எந்தப் பெட்டியில் வைத்துக் காப்பது? பலர் கடையில் வாங்கியே உண்கின்றனர்.

ஆயினும் வழக்கம் அற்றுப்போகவில்லை. ஆலயங்களிலும் ஊர்ப் பொது இடங்களிலும் தொண்டர்கள் கூடிக் கிம்ச்சி இட்டு, தனித்து வாழும் முதியோருக்கும் வறியோருக்கும் கொண்டு சேர்க்கின்றனர். குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு முதியவரின் கதவைத் தட்டி ஒருவர் கிம்ச்சிப் பாத்திரத்தை நீட்டும்போது, "உம்மை மறக்கவில்லை" என்ற சொல்லும் அதனுடன் சேர்ந்தே செல்கிறது. குடலுக்கு வலுவூட்டும் உணவு உள்ளத்திற்கும் வலுவூட்டுவது அந்தக் கதவருகில்தான்.